‘உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்?’ என்று கேட்கப்படுகிறவருக்கு

கேள்வி:

எனக்கு 57 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நீண்ட காலமாகப் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் புதிய மென்பொருள் வந்தது. அன்றிலிருந்து என்னைச் சுற்றி ஏதோ மாறிவிட்டது. உடன் பணிபுரியும் இளைஞர்கள் நல்லவர்கள். என்னை ‘அம்மா’ என்றுதான் அழைப்பார்கள். ஆனால் கடினமான வேலை எது வந்தாலும், ‘உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று என் மேசையிலிருந்து எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். சென்ற முறை பயிற்சி வகுப்புக்குப் போனவர்களின் பட்டியலில் என் பெயர் இல்லை. ஒருநாள் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். ‘வயசாயிடுச்சுல்ல’ என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டிலும், நான் கைபேசியில் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே என் மகள் அதை வாங்கித் தானே முடித்துவிடுகிறாள். இப்போதெல்லாம் யாராவது பின்னால் வந்து நின்றால் நன்றாகத் தெரிந்த வேலையிலும் தவறு செய்கிறேன். எண்கள் மறக்கின்றன. விடியற்காலையில் விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் வருவதில்லை. அவர்கள் நினைப்பதுதான் உண்மையோ, என் மூளை மங்குகிறதோ என்று பயப்படுகிறேன். அன்பாக நடந்துகொள்பவர்கள் மீது மனத்தாங்கல் கொள்வது என் தவறா? விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூளை மங்குகிறதோ என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஐயம் தீராதவரை, நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் மனம் அதில் நிலைகொள்ளாது.

யாராவது பின்னால் வந்து நிற்கும்போது தவறு நேர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான் என்று கருதுகிறேன். அதே வேலையைத் தனியாக இருக்கும்போது எப்படிச் செய்கிறீர்கள் என்பதைச் சில நாட்கள் கவனித்துப் பாருங்கள். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வருவதில்லை. பல ஆண்டுகள் பழகிய வேலையின் படிகள் தனிமையிலும் குழம்பிப்போவது, அன்றாடம் செல்லும் பாதையில் வழி தெரியாமல் நிற்பது, சற்று முன்பு கேட்ட கேள்வியையே, கேட்ட நினைவே இல்லாமல் மறுபடியும் கேட்பது போன்றவையே மருத்துவர்கள் கவலையோடு பார்க்கும் அறிகுறிகள். அவற்றைப் பெரும்பாலும் அந்த நபருக்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள் கண்டுகொள்கிறார்கள். கடவுச்சொல்லை மறப்பது இந்த வரிசையில் சேராது. எல்லா வயதினரும் மறக்கிறார்கள். அதனால்தான் கடவுச்சொல் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் அதை மாற்றிக்கொள்ள ஒரு வழியும் வைக்கப்பட்டிருக்கிறது.

இருந்தாலும், ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட எனக்கு உரிமை இல்லை. ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு, வைட்டமின் பி12, இரத்தச் சர்க்கரை, இரத்தசோகை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; இவற்றில் ஏற்படும் கோளாறுகள் மறதியையும் கவனக் குலைவையும் உண்டாக்கக்கூடியவை, பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. தூக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும்கூட நினைவை மந்தமாக்கும் என்பதால், இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டிய ஆண்டுகளில் பல பெண்களுக்குக் கவனமும் தூக்கமும் குலைகின்றன. அதையும் மனம்விட்டுச் சொல்லுங்கள். செவித்திறன் சற்றுக் குறைந்திருந்தாலும், சரியாகக் காதில் விழாத ஒன்று மறந்துபோன ஒன்றாகவே தோன்றும். மனச்சோர்வு இருந்தால் நினைவு தடுமாறுவது இயல்பு. இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘வயதானால் அப்படித்தான் இருக்கும்’ என்று மட்டும் சொல்லி ஒரு மருத்துவர் உங்களை அனுப்பிவிட்டால், தயங்காமல் வேறொருவரைப் பாருங்கள். அந்தப் பதிலில் பரிசோதனை எதுவும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் நடப்பதே அங்கும் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, உங்கள் மீது குத்தப்பட்டிருக்கும் முத்திரையைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு குழுவைப் பற்றி ஊரார் கொண்டிருக்கும் எண்ணம், அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் செயல்திறனைக் குறிப்பிட்ட ஒரு தருணத்தில் பாதிக்க முடியுமா என்ற கேள்வியை உளவியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவில் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான ஒரு தேர்வு ‘உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு’ என்று அறிவிக்கப்பட்டபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் குறைந்தது. அதே வினாத்தாள் அப்படி அறிவிக்கப்படாதபோது அந்தக் குறைவு பெருமளவு நீங்கியது. பின்னர் நடந்த சில பெரிய ஆய்வுகளில், குறிப்பாகப் பள்ளி மாணவிகளின் கணிதத் தேர்வுகளில், இந்த விளைவு மிகச் சிறியதாகவோ இல்லாமலோ போனதையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இது நிகழ்வதில்லை. ஆனால் வயதையும் நினைவாற்றலையும் பொறுத்தவரை கிடைத்திருக்கும் சான்றுகளை நான் புறந்தள்ள மாட்டேன். 2001இல் ரஹால், ஹேஷர், கோல்கோம் ஆகியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது. முதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரே பணி கொடுக்கப்பட்டது. ‘இது உங்கள் நினைவாற்றலைச் சோதிக்கும் பணி’ என்று வலியுறுத்திச் சொன்னபோது முதியவர்கள் பின்தங்கினார்கள். நினைவு என்ற பேச்சே எழாமல் அதே பணியைக் கொடுத்தபோது இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. மூளை அதேதான், பணியும் அதேதான். முன்னால் சொல்லப்பட்ட சில சொற்கள் மட்டுமே மாறியிருந்தன.

இது எப்படி நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதியாவது குறையும் என்று நம்புகிறேன். ஒரு கணக்கைச் சரிபார்க்கும்போது, சில எண்களையும் அடுத்துச் செய்ய வேண்டிய படியையும் மனத்தில் தற்காலிகமாகப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். அந்தத் தற்காலிக நினைவுக்குக் கொள்ளளவு மிகக் குறைவு. இருபது வயதுக்காரருக்கும் குறைவுதான். பின்னால் ஒருவர் வந்து நின்றவுடன், ‘தவறு செய்துவிடுவேனோ, செய்தால் என்ன நினைப்பார்’ என்ற யோசனையும், ‘பதற்றத்தை வெளிக்காட்டக் கூடாது’ என்ற முயற்சியும் அந்தச் சிறிய இடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நிறைகுடம் சுமந்து நடப்பவரின் கூடவே வந்து ‘சிந்திவிடாதே, சிந்திவிடாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், அதுவரை தானாக நடந்த கால்கள் எண்ணி எண்ணி நடக்கத் தொடங்கித் தடுமாறும். உங்களுக்கு அப்படிச் சொல்ல இப்போது வேறு யாரும் தேவைப்படவில்லை. நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டீர்கள். உங்கள் நினைவு குறைந்ததைக் காட்டிலும், அந்த நினைவின் மீது நீங்கள் இரவும் பகலும் வைத்திருக்கும் காவல்தான் உங்களைக் களைப்படையச் செய்கிறது என்பது என் கணிப்பு.

வயது எதையும் மாற்றுவதில்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. தகவலைக் கையாளும் வேகம் இளமைப் பருவம் கடந்ததிலிருந்தே மெல்லக் குறைந்துவருகிறது. புதிய மென்பொருளைக் கற்றுக்கொள்ள இருபத்தைந்து வயதுக்காரரைவிட உங்களுக்குக் கூடுதல் நேரம் ஆகலாம். மறுபுறம், சொல்வளமும் பொது அறிவும் தொழில் அனுபவமும் அறுபதுகளிலும் நிலைத்திருக்கின்றன, வளரவும் செய்கின்றன. டிமதி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி நினைவுகூர்வார்கள். மூத்த தட்டச்சர்களின் விரல்கள் தனிப்பட்ட சோதனைகளில் மெதுவாகவே இயங்கின. ஆனால் உண்மையான தட்டச்சில் அவர்கள் இளையவர்களின் வேகத்திலேயே இருந்தார்கள். காரணம், அடிக்க வேண்டிய எழுத்துகளை அவர்கள் இளையவர்களைவிடக் கூடுதல் தொலைவு முன்கூட்டியே பார்த்துக்கொண்டு சென்றதுதான். ஒரு கணக்கில் எந்த வரி பொருந்தாமல் நிற்கிறது என்பது மென்பொருள் எச்சரிப்பதற்கு முன்பே உங்கள் கண்ணில் படுவதும் இத்தகைய ஒன்றுதான். அதை உங்கள் இளம் சக பணியாளர்கள் ஒரு திறமையாக எண்ணுகிறார்களா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ‘கூடுதல் நேரம் ஆகும்’ என்பது ஓர் உண்மை. ‘அவருக்கு வராது’ என்பது அந்த உண்மையிலிருந்து யாரும் சோதித்துப் பார்க்காமல் தாவிச் சென்று எடுத்த முடிவு. உங்கள் பெயர் பயிற்சிப் பட்டியலில் இல்லாமல் போனது அந்தத் தாவலால்தான்.

இவ்வாறு தாவிச் செல்லும் எண்ணம் கொஞ்ச நாளில் தனக்கான சாட்சியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதே இதில் எனக்கு மிகவும் வேதனை தரும் பகுதி. உங்களிடமிருந்து வேலையை எடுத்துக்கொள்கிறார்கள், பழக்கம் விட்டுப்போகிறது, பழக்கம் விட்டதால் அடுத்த முறை தடுமாறுகிறீர்கள், தடுமாறியதைப் பார்த்து, தாங்கள் நினைத்தது சரிதான் என்று இன்னும் அன்போடு இன்னும் அதிகமான வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். ஜெரி ஏவார்ன், எலன் லாங்கர் இருவரும் 1982இல் முதியோர் இல்லவாசிகளிடையே நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துண்டுகளை இணைத்துப் படம் சேர்க்கும் எளிய புதிர் ஒன்றைப் பல அமர்வுகளில் செய்யச் சொன்னார்கள். ஒரு குழுவினருக்கு உதவியாளர்கள் அருகிலிருந்து தாங்களே கைகொடுத்து உதவினார்கள்; இன்னொரு குழுவினருக்கு ஊக்கச் சொற்களை மட்டும் சொன்னார்கள், துண்டுகளைத் தொடவில்லை. பிறகு தனியாகச் செய்யச் சொன்னபோது, ஊக்கம் மட்டும் பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள். உதவி பெற்றவர்களோ பின்தங்கிப் போயிருந்தார்கள். உதவியவர்கள் கெட்ட எண்ணத்தோடு உதவவில்லை. உதவி என்ற செயலே, ‘உன்னால் முடியாது’ என்ற செய்தியை அவர்களின் கைகளுக்கும் மனத்துக்கும் கொண்டுசேர்த்துவிட்டது.

அன்பாக நடந்துகொள்பவர்கள் மீது மனத்தாங்கல் கொள்வது தவறா என்று கேட்கிறீர்கள். தவறு இல்லை. வெளிப்படையான அவமதிப்பைவிட இத்தகைய பரிவு சில வகைகளில் கடினமானது என்பதை என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவமதிப்பவர் மீது கோபப்படலாம். நாலு பேரிடம் சொன்னால் நாலு பேரும் உங்கள் பக்கம் நிற்பார்கள். பரிவு காட்டுபவர் மீது கோபப்பட்டால் ‘நன்றிகெட்டவர்’ ஆகிவிடுவோமோ என்று தோன்றுகிறது. எனவே அந்தக் கோபம் உள்ளே திரும்பி, உங்களைப் பற்றிய ஐயமாக உருமாறுகிறது. சூசன் ஃபிஸ்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் முன்வைத்த ஒரு விளக்கம் இங்கே உதவும். ஒரு குழுவைப் பற்றி எண்ணும்போது மக்கள் இரண்டு அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள்: இவர்கள் நல்லவர்களா என்பது ஒன்று, திறமையானவர்களா என்பது மற்றொன்று. முதியவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், ஆனால் திறமை குறைந்தவர்கள் என்ற கட்டத்தில் வைக்கப்படுகிறார்கள். அந்தக் கட்டத்தில் வைக்கப்பட்டவர்களுக்குக் கிடைப்பது வெறுப்பு இல்லை, இரக்கம். உங்களை ‘அம்மா’ என்று அழைக்கும் அதே வாய் ‘உங்களால் முடியாது’ என்றும் சொல்வதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரியாமல் போவது இதனால்தான். ஆகவே அவர்களின் அன்பு பொய்யா என்று நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. அன்பு உண்மையாக இருக்கலாம். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மதிப்பீடு தவறானது. முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கடவுச்சொல்லை மறந்த அன்று எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் சிரித்ததை எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. அந்தச் சிரிப்பு அந்த நேரத்துச் சங்கடத்திலிருந்து உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அன்று இரவு அதற்கு ஒரு விலை கொடுத்திருப்பீர்கள். முத்திரை குத்தப்பட்ட நாட்களில், அதைப் பற்றி ஓயாமல் அசைபோடுவதும் உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்கிக்கொள்வதும் அதிகரிக்கின்றன என்றும், அந்த அசைபோடுதலின் வழியாகவே மனவேதனை பெருகுகிறது என்றும் மார்க் ஹாட்ஸன்பூலரும் அவருடைய குழுவினரும் 2009இல் எழுதினார்கள். விடியற்காலையில் உங்களை எழுப்பிவிடுவது எதுவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். எப்போதும் விழிப்புடன் இருக்கும் உடலில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறிய நிலையிலேயே பழகிவிடுகின்றன, தூக்கம் மெலிகிறது; தூக்கம் மெலிந்தால் மறுநாள் எண்கள் மறக்கின்றன; மறந்த எண்களை வைத்து உங்கள் மீதான குற்றச்சாட்டை நீங்களே மெய்ப்பித்துக்கொள்கிறீர்கள்.

மற்ற முத்திரைகளுக்கு இல்லாத ஒரு கொடுமை வயது முத்திரைக்கு உண்டு. அது நமக்குப் பொருந்துவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, குழந்தைப் பருவத்திலேயே, எதிர்க்கும் தேவை ஏதுமில்லாமல் நாம் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். பிறகு ஒருநாள் அது நம் முகவரிக்கே வந்து சேரும்போது, உள்ளே ஏற்கெனவே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி தன் ஆய்வு வாழ்க்கையைப் பெரிதும் இதற்கே செலவிட்டிருக்கிறார். ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரைத் தொடர்ந்து கவனித்த ஒரு நீண்ட ஆய்வின் தரவுகளை எடுத்துக்கொண்டு, தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2002இல் வெளியிட்டார். வயது, பாலினம், பொருளாதார நிலை, உடல்திறன் ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நிலைத்தது. கடுமையான உடல் இயலாமைக்கு ஆளான முதியவர்களில், முதுமையைப் பற்றி நேர்மறையான எண்ணம் கொண்டிருந்தவர்கள் முழுமையாக மீளும் வாய்ப்பு 44 விழுக்காடு அதிகமாக இருந்தது என்று 2012இல் வந்த மற்றோர் ஆய்வில் கண்டார். இவை ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படும் தொடர்புகள். ‘இப்படி நினைத்தால் இத்தனை ஆண்டு வாழலாம்’ என்ற வாக்குறுதியாக இவற்றைப் படிக்கக் கூடாது. நான் இவற்றைக் குறிப்பிடுவது, உங்களுக்கு நேர்ந்திருப்பதை ‘சின்ன விஷயம், பெரிதுபடுத்துகிறேன்’ என்று நீங்கள் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் இருவரில் ஒருவர் முதியவர்களைப் பற்றி இத்தகைய பாகுபாடான மனப்பான்மை கொண்டிருக்கிறார். நீங்கள் கற்பனை செய்துகொண்ட ஒன்று இல்லை இது.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில், அவர்களின் எண்ணம் பொய் என்று மெய்ப்பித்துக்காட்டும் வேலையைக் கைவிடுங்கள். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு பணியையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்பவர், மேலே சொன்ன அந்தச் சிறிய நினைவிடத்தில் பாதியைத் தேர்வுப் பயத்துக்குக் கொடுத்துவிடுகிறார். நீங்கள் மீட்டெடுக்க வேண்டியது நற்பெயர் இல்லை, வேலை. உங்களிடமிருந்து போன பணிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மிகக் கடினமானதும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதும் வேண்டாம். அடுத்த முறை அதை எடுக்க ஒருவர் வரும்போது, ‘இதை நானே செய்கிறேன். எங்காவது நின்றுவிட்டால் நான் வந்து கேட்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவ்வளவே போதும். காரணம் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே சொற்களை அதே அமைதியோடு சொல்ல நேரும்; பழகிய கைகள் உடனே நின்றுவிடாது. உண்மையிலேயே நின்றுவிட்டால் போய்க் கேளுங்கள். நீங்களாகக் கேட்டுப் பெறும் உதவியில் வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது. கேட்காமல் வரும் உதவியில் அது போய்விடுகிறது.

பயிற்சி வகுப்பைப் பொறுத்தவரை, மேலாளருக்கு எழுத்து வடிவில் ஒரு கோரிக்கை கொடுங்கள். ‘என்னை ஏன் விட்டீர்கள்’ என்று தொடங்கினால் அவர் தன்னை நியாயப்படுத்திக்கொள்வதிலேயே பேச்சு முடிந்துவிடும். ‘இந்த மென்பொருளின் இன்னின்ன பகுதிகளில் எனக்குப் பயிற்சி தேவை, அடுத்த வகுப்பில் என்னைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று குறிப்பாக எழுதுங்கள். வகுப்பில் காட்டிய பாடங்களைப் பிறகு உங்கள் வேகத்தில் திரும்பப் பார்க்க வசதி உண்டா என்றும் கேளுங்கள். வயதில் மூத்தவர்கள் தம் வேகத்தில் கற்கும்போது நன்றாகக் கற்கிறார்கள் என்பது பயிற்சி பற்றிய ஆய்வுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. அதைக் கேட்பதில் தாழ்வு எதுவும் இல்லை. கோரிக்கை மீண்டும் புறக்கணிக்கப்பட்டால் அது தனிப்பட்ட மனவருத்தம் என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. பணியாளர் நலப் பிரிவிடம் கொண்டுசெல்ல வேண்டிய விஷயமாகிறது. அப்போது அந்த எழுத்து உங்களுக்குத் துணை நிற்கும்.

இனி யாராவது வயதைச் சொல்லிக் கேலி செய்தால், சிரிக்காதீர்கள். எதிர்த்துப் பேசும் துணிவு அன்று இல்லாமல் போனாலும், சிரிக்காமல் இருப்பதே ஒரு பதில். துணிவு இருக்கும் நாளில், ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். இதில் வயதுக்கு என்ன வேலை?’ என்று நிதானமாகக் கேளுங்கள். சுட்டிக்காட்டப்பட்டவர்கள் அந்த நேரத்தில் முகம் சுளித்தாலும், அதற்குப் பிறகு அத்தகைய பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அதே கண்டிப்பு உங்கள் வாய்க்கும் வேண்டும். சாவியை வைத்த இடம் தெரியாதபோதெல்லாம் ‘எனக்கு வயசாயிடுச்சு’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ‘சாவியை எங்கோ வைத்துவிட்டேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மகளிடம் பேசுவது அலுவலகத்தில் பேசுவதைவிடக் கடினமாக இருக்கும், ஆனால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அவர் கைபேசியை வாங்கும் தருணத்தில் பேச வேண்டாம். அப்போது அது சண்டையாகிவிடும். வேறொரு நேரத்தில், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்: அலுவலகத்தில் என்ன நடக்கிறது, இரவில் என்ன பயம் வருகிறது, அவர் கைபேசியை வாங்கும்போது அந்தப் பயம் எப்படி உறுதியாகிறது என்பதைச் சொல்லுங்கள். அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நேரத்தை மிச்சப்படுத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். பிறகு அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்: நீங்கள் பணம் அனுப்பும்போது பக்கத்தில் உட்காரட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் கையை நீட்டாமல் இருக்கட்டும். அதே உரையாடலில், உங்கள் நினைவைப் பற்றி அவர் ஏதாவது மாற்றம் கவனித்தாரா என்றும் நேராகக் கேட்டுவிடுங்கள். அவருடைய பதில் மருத்துவருக்கும் பயன்படும்.

உங்கள் வயதை ஒத்த ஓரிருவர் அந்த அலுவலகத்தின் வேறு பிரிவுகளில் இருக்கக்கூடும். அவர்களோடு இதைப் பேசிப் பாருங்கள். முத்திரை குத்தப்பட்டவர்கள் தம் குழுவிலிருந்து விலகி ஓடுவதைவிட, தம்மைப் போன்றவர்களோடு சேர்ந்து நிற்கும்போது மனநலம் ஓரளவு காக்கப்படுகிறது. முதியவர்களிடமும் இது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. நீங்கள் உங்களுக்கு மட்டும் நேர்ந்த குறை என்று மறைத்துவைத்திருப்பது அவர்களுடைய மேசையிலும் நடந்துகொண்டிருக்கலாம்.

விருப்ப ஓய்வைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். ஓய்வு பெறுவதில் பிழை ஏதும் இல்லை. உடல் கேட்டால், வேறு ஆசைகள் இருந்தால், பொருளாதாரம் இடம் கொடுத்தால், மகிழ்ச்சியோடு பெறலாம். ஆனால் இன்று நீங்கள் எழுதினால் அந்த விண்ணப்பத்தை எழுதுவது நீங்களாக இல்லாமல் உங்கள் பயமாகத்தான் இருக்கும், வெளியேறிய பிறகு அந்தப் பயம் வீட்டுக்கும் கூடவே வரும். மருத்துவப் பரிசோதனைகள் முடியட்டும். ஒரு பணியாவது உங்கள் கைக்குத் திரும்பி வரட்டும். பயிற்சிக் கோரிக்கைக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். மூன்று மாதங்கள் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் இதே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, காரணமின்றி அழுகை வருவது, வாழ்வதில் பொருள் இல்லை என்று தோன்றுவது ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அந்த மூன்று மாதங்களுக்குக் காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் சந்தியுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மகளிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு உங்களுக்கு விருப்பமிருந்தால் மீண்டும் எழுதுங்கள்.